மாட்டிய நகமும் வெறும் விரலும்

1969-இல் டகோமா என்ற சிறு நிறுவனம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் அட்டையில் உடல் முழுக்க ஓடு போர்த்திய ஆர்மடில்லோ என்ற விலங்கின் படம் இருக்கும். '6 அண்ட் 12 ஸ்ட்ரிங் கிட்டார்' என்பது தலைப்பு. தட்டில் 14 உருப்படிகள் உண்டு. பாடகர் கிடையாது, தாளக் கருவி கிடையாது, பக்கவாத்தியம் என்று எதுவுமே கிடையாது. லியோ காட்கி என்ற இளைஞர் ஸ்டீல் தந்தி கிட்டாரோடு தனியாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார். விரல்களால் மீட்டும் கிட்டாரில் ஒரு மனிதரால் எவ்வளவு செய்ய முடியும் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதிலை நான் கேட்டதில்லை. அந்தக் கலையின் குறைகள் எல்லாமும் அதே தட்டில்தான் இருக்கின்றன. அவை நமக்குப் புலப்படப் பதினேழு ஆண்டுகளாயின. அவற்றைப் புலப்படுத்தியவரும் காட்கிதான்.

முதலில் அந்த வாசிப்பு முறையைப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் தடித்த தந்திகளில் ஒன்று மாற்றி ஒன்றாகத் தட்டிக்கொண்டே போகும். ஒரு தட்டு ஆதார ஸ்வரத்தில் விழுந்தால் அடுத்தது பக்கத்துத் தந்தியில் விழும். இது நிற்பதே இல்லை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும், சிலருக்கு மோதிர விரலும், மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கும். மெட்டின் அழுத்தங்கள் கட்டைவிரலின் தட்டோடு ஒட்டி விழாமல் சற்று முன்னும் சற்றுப் பின்னும் விழும்போதுதான் இசை நடக்கத் தொடங்குகிறது. மிசிசிப்பி மாநிலத்து விவசாயத் தொழிலாளி ஜான் ஹர்ட் 1928-இல் பதிவு செய்த பாடல்களில் இது மூச்சு விடுவதுபோல இயல்பாக வருகிறது. கென்டக்கியின் மெர்ல் டிராவிஸ் ஏறக்குறைய இரண்டே விரல்களால் இதை நகர மேடைகளுக்குக் கொண்டுபோனார். ஹர்ட் முப்பத்தைந்து ஆண்டு மறக்கப்பட்டு, 1963-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டார். அவரையும் பழைய 78 சுற்றுத் தட்டுகளையும் கேட்டுத் தாமே கற்றுக்கொண்ட வெள்ளையின இளைஞர்களின் தலைமுறையைச் சேர்ந்தவர்கள்தான் ஜான் ஃபேஹியும் காட்கியும். டகோமா நிறுவனம் ஃபேஹி தொடங்கியதே.

அந்தத் தலைமுறையில் பலர் விரல்களில் பிக் மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். கட்டைவிரலுக்குப் பிளாஸ்டிக் வளையம், மற்ற விரல்களுக்குப் பெரும்பாலும் உலோகத் தகடு. இதற்குக் காரணம் எளிது. விரல் சதை மென்மையானது. அது தந்தியைத் தொட்டு, சற்று நேரம் ஒட்டியிருந்து, பிறகுதான் விடும். அந்தச் சிறு இடைவெளியில் மேல் ஒலிகள் பல அடங்கிவிடும். கடினமான, குறுகிய பிக் தந்தியைப் பற்றியவுடன் விட்டுவிடும். ஒலி கூர்மையாக, உரத்து, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். மைக் சரியில்லாத காபிக் கடைகளில், பேச்சுச் சத்தத்துக்கு நடுவே தனியாக வாசித்துப் பிழைக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய வரம்.

காட்கி இந்த வரத்தை 12 தந்தி கிட்டாருக்குக் கொண்டுபோனார். அந்தக் கருவியில் தந்திகள் இரண்டிரண்டாக ஆறு ஜோடி. கீழே உள்ள நான்கு ஜோடிகளில் ஒவ்வொரு தடித்த தந்திக்கும் துணையாக ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி இருக்கும். மேலே உள்ள இரண்டு ஜோடிகளும் ஒரே ஸ்வரம். சாதாரண சுருதியில் ஆறு தந்தி கிட்டாரின் மொத்த இழுவிசை எழுபது கிலோவைத் தாண்டும். பன்னிரண்டில் நூறு கிலோவுக்கும் மேல். காட்கி சுருதியை மூன்று ஃபிரெட், அதாவது மூன்று அரை ஸ்வரம் அளவுக்கு இறக்கி வைத்தார். தந்திகள் தளர்ந்தன, அடித்தொண்டை ஒன்று பிறந்தது. பிறகு நடந்ததுதான் அதிசயம். கட்டைவிரல் தடித்த ஜோடியை அடிக்கும்போதெல்லாம் அதோடு ஒட்டிய மெல்லிய தந்தியும் ஒலிக்கிறது; அது மெட்டு நடமாடும் உயரத்திலேயே ஒலிக்கிறது. ஆகவே பாஸ் வரிசைக்குள்ளிருந்து யாரும் வாசிக்காத இன்னொரு மெட்டு தானாக எழும்புகிறது. 'பஸ்டட் பைசிக்கிள்' கேட்பவர்கள் இரண்டு கிட்டார் என்று சத்தியம் செய்யத் தயாராவது இதனால்தான். விரல் வேகத்தை மட்டும் புகழ்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வேகம் பலரிடம் இருந்தது. எந்த ஜோடியை எப்போது தட்டினால் எந்தத் துணை ஒலி எங்கே வந்து விழும் என்ற காது காட்கியிடம் இருந்தது.

அதே காது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 147-ஆம் கன்டாட்டாவிலிருந்து எடுத்த புகழ்பெற்ற பகுதியிலும் வேலை செய்கிறது. தேவாலயத்தில் இழைந்து ஓடும் மும்மூன்று ஸ்வரங்கள் இங்கே சாலையில் ஓடுகின்றன. பக்தி குறைந்துவிட்டது என்று சிலர் சொல்லலாம். எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி கூடியிருப்பதாகப் படுகிறது. 1973-இல் வந்த 'மை ஃபீட் ஆர் ஸ்மைலிங்' என்ற மேடைப் பதிவில் இதை 'குரோ ரிவர் வால்ட்ஸ்', 'ஜாக் ஃபிக்' இரண்டுக்கும் நடுவே வைத்து ஒரே மூச்சில் வாசிக்கிறார். பாக்கும் சொந்தச் சரக்கும் சந்திக்கும் இடத்தில் தையல் தெரிவதில்லை.

இனி குறைகளுக்கு வருவோம். பிக் கொடுக்கும் தெளிவு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே அளவில் கிடைத்துவிடுகிறது. விரல் நுனிக்கும் தந்திக்கும் நடுவே ஒரு தகடு இருக்கும்போது தந்தியின் நடுக்கத்தைக் கையால் உணர முடியாது. மெதுவாகத் தொட்டால் ஒலி மெலிந்து கிறீச்சிடும், பலமாகத் தொட்டால் அறையும். இடைப்பட்ட எல்லையில் வாசிப்பதே பாதுகாப்பு என்று கை கற்றுக்கொள்கிறது. 1969 தட்டை முழுவதும் ஒரே அமர்வில் கேட்டுப் பாருங்கள். எட்டாவது, ஒன்பதாவது உருப்படி வரும்போது வியப்பு குறையாது. ஆனால் காது களைத்துவிடும். ஒவ்வோர் உருப்படியும் தொடங்கிய பலத்திலேயே முடிகிறது. ஒலி தேய்ந்து அடங்குவதைக் கேட்கும் வாய்ப்பே வருவதில்லை, அடுத்த தட்டு வந்து மூடிவிடுகிறது.

நிற்காத கட்டைவிரலும் இதற்கு உடந்தை. அது தாளத்தைக் கொடுக்கிறது, கூடவே தாளத்தைச் சிறைப்படுத்தவும் செய்கிறது. பாடகர் ஒரு சொல்லில் தயங்கி நிற்பதுபோல இந்த வாசிப்பில் தயங்க முடியாது. தந்திகளை ஒரு கார்டாக, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டாகவே சுருதி சேர்த்து வைக்கும் ஓப்பன் ட்யூனிங்கும் சேர்ந்துகொண்டால், தடித்த தந்திகள் விரல் வைக்காமலேயே ஆதாரமாக ஒலிக்கும். கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் ஆதார ஸ்வரத்தை விட்டு வெகுதூரம் போவது கடினம். அதனால் இந்த மரபின் உருப்படிகள் பலவும் ஓர் ஊருக்குள்ளேயே தெருத் தெருவாகச் சுற்றி வருகின்றன. ஒரு பகுதி, பிறகு இன்னொரு பகுதி, மறுபடி முதல் பகுதி, ஒரு முடிப்பு. காட்கியின் ஆர்மடில்லோ தட்டிலும் இரண்டு மூன்று நிமிடத்தில் சட்டென்று முடிந்துவிடும் துண்டுகள் அதிகம். அவற்றின் சுருக்கம் அழகுதான். வளர்த்துக்கொண்டு போக வேறு வழி இல்லாததும் அந்தச் சுருக்கத்துக்கு ஒரு காரணம் என்பதை ரசிகர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரசிகர்களைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஒரு கலையின் குறை அதைப் பின்பற்றுகிறவர்களிடம்தான் பெரிதாகத் தெரியும். எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் என்று எண்களால் எழுதிய டேப் குறிப்புகள் பரவிய பிறகு, காட்கியின் உருப்படிகள் விரல் பயிற்சிகளாயின. 'தி ஃபிஷர்மேன்' எத்தனை வேகத்தில் வாசிக்க முடிகிறது என்பது திறமையின் அளவுகோலாகியது. எண்களில் ஸ்வரம் இருக்கிறது. ஒரு ஸ்வரத்தை எப்படி விட வேண்டும் என்பது இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஹர்டின் வாசிப்பில் இருந்த ஓய்வு, ஃபேஹியின் மெதுவான உருப்படிகளில் இருந்த தனிமை இரண்டும் இந்தப் பந்தயத்தில் பின்னுக்குப் போய்விட்டன.

உடல் கொடுத்த விலையும் உண்டு. தேர்ந்த ஆசிரியரிடம் பயிலும் செவ்வியல் கிட்டார் மாணவருக்கு மணிக்கட்டை எப்படி வைக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று பல ஆண்டுகள் சொல்லித் தரப்படும். பழைய தட்டுகளைக் கேட்டுக் கற்றவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. ஒலி கிடைத்ததா என்று மட்டும் பார்த்தார்கள். ஆண்டு முழுக்க மேடை ஏறி, பலத்த அடியில் 12 தந்தி வாசித்த காட்கியின் வலது கையில் 1980-களின் தொடக்கத்தில் தசைநார் அழற்சி வந்தது. வாசிப்பையே விட்டுவிட நேரலாம் என்ற நிலை. அவர் பிக்குகளைக் கழற்றினார். கையின் நிலையைச் செவ்வியல் வாசிப்புக்கு நெருக்கமாக மாற்றினார். நாற்பதை நெருங்கும் வயதில், உலகம் தன்னை எதற்காகக் கொண்டாடியதோ அந்த ஒலியைக் கைவிட்டு விரல் சதையால் மறுபடி கற்றுக்கொண்டார். இதைச் செய்த துணிவை நான் அவரது எந்த வேகமான உருப்படியையும்விட மேலாக மதிக்கிறேன்.

1986-இல் 'எ ஷவுட் டுவர்ட் நூன்' வந்தது. முதல் முறை கேட்ட பழைய ரசிகர்கள் பலருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். அந்த முழக்கம் இல்லை. பதிவில் அந்தக் காலத்துக்கே உரிய வழவழப்பும் எதிரொலியும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கின்றன. சில உருப்படிகள் பின்னணி இசையாகக் கரைந்துபோகும் ஆபத்தில் நிற்கின்றன. இந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை. மறுபுறம், காட்கியின் இசையில் முதல் முறையாக ஓர் உருப்படிக்குள்ளேயே நிழலும் வெளிச்சமும் மாறுகின்றன. ஒரு ஸ்வரம் உரத்து வருகிறது, அடுத்தது அதன் காதோடு பேசுகிறது. கட்டைவிரல் சில இடங்களில் நின்றேவிடுகிறது. நின்றாலும் தாளம் நிற்பதில்லை. பதினைந்து ஆண்டு பிக் மாட்டித் தட்டிய தட்டு கேட்பவரின் உடம்பில் ஓடிக்கொண்டே இருக்கும் அளவுக்கு அவர் கைக்குள் உறைந்திருக்கிறது. தொடக்கத்திலிருந்தே வெறும் விரலால் வாசித்த மென்மையான கிட்டார் கலைஞர்கள் பலரிடம் இல்லாத முதுகெலும்பு இவரிடம் இருப்பது இதனால்தான்.

ஐயம் உள்ளவர்கள் 'மார்னிங் இஸ் தி லாங் வே ஹோம்' என்ற ஒரே உருப்படியை இரண்டு தடவை கேட்கலாம். 1974-இல் 'ஐஸ் வாட்டர்' தட்டில் வந்தது ஒன்று. 1999-இல் 'ஒன் கிட்டார், நோ வோக்கல்ஸ்' தட்டில் பாட்டே இல்லாமல் வந்தது இன்னொன்று. முதலாவதில் கை ஓடுகிறது, நாம் பின்னால் ஓடுகிறோம். இரண்டாவதில் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது கேட்கிறது. இரண்டில் ஒன்றுதான் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் நான் இரண்டாவதை எடுத்துக்கொள்வேன். ஆனால் இந்த இசையை ஒருவருக்கு முதன்முதலாக அறிமுகம் செய்வதாக இருந்தால் ஆர்மடில்லோ தட்டைத்தான் கொடுப்பேன். அந்த முதல் அதிர்ச்சிக்கு மாற்று இல்லை.

அவர் பாடுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆர்மடில்லோ தட்டின் உறையில் தன் குரலைத் தானே கேலி செய்து எழுதியிருந்தார். அந்தத் தடித்த குரல் அவர் சொன்ன அளவுக்கு மோசமில்லை, கிட்டாருக்கு இணையும் இல்லை.

1971-இல் கேபிடல் என்ற பெரிய நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டு 'மட்லார்க்' தட்டை வெளியிட்டது. பாட வைத்தார்கள். சில உருப்படிகளில் பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்தார்கள். காட்கியின் கட்டைவிரலே பாஸும் தாளமுமாக இருந்த காலம் அது. சேர்க்கப்பட்டவர்கள் தேர்ந்த கலைஞர்கள்; ஆனால் அவர்களுக்கு அங்கே வேலை இல்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை மறுபடி செய்தார்கள். 2002-இல் 'குளோன்' தட்டில் ஃபிஷ் என்ற ராக் குழுவின் மைக் கார்டன் பாஸ் வாசிக்க அவரோடு சேர்ந்தபோது நிலைமை வேறு. கட்டைவிரல் காவல் வேலையை விட்டுவிட்டிருந்தது. கார்டன் கீழே நுழைந்து விளையாட இடம் இருக்கிறது. அவர் ஒரு பக்கம் போனால் காட்கி வேறு பக்கம் போக முடிகிறது. இருவரும் சேர்ந்த மூன்றாவது தட்டான 'நூன்' 2020-இல் வந்தபோது காட்கிக்கு 75 வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. அதில் 'எய்ட் மைல்ஸ் ஹை' பாட்டை மறுபடி எடுத்திருக்கிறார்கள். 'மட்லார்க்' தட்டில் அவர் பாடிய அதே பாட்டு. இந்த முறை கிட்டாருக்கும் பாஸுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவு இடைவெளி இருக்கிறது. இருவருமே அதை நிரப்ப அவசரப்படவில்லை.