சிலோன் மனோகர்: குரலும் ஒட்டுப்பெயரும்

மட்டாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு இலங்கைப் பாடகர் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. போர்த்துக்கீசியர் கொச்சியில் கோட்டை கட்டியது 1503-இல். டச்சுக்காரர்கள் அவர்களிடமிருந்து கொழும்பை 1656-இலும், யாழ்ப்பாணத்தை 1658-இலும், நம்ம கொச்சியை 1663-இலும் பிடித்தார்கள். போனவர்கள் ஜன்னல், மேசை, சாவி என்று சொற்களை நமக்கு விட்டுப் போனார்கள். இலங்கைக்கு ஒரு தாளத்தையும் சேர்த்து விட்டுப் போனார்கள். அதுதான் பைலா.

ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் ஆட்டமும் அதில் கலந்தது. வாலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர் 1940களில் அதைச் சிங்களத்தில் பிரபலமாக்கினார். 1956-இல் ஹாரி பெலஃபாண்டேயின் 'கலிப்ஸோ' இசைத்தட்டு வந்து உலகம் சுற்றியது. கொழும்புப் பையன்கள் கிதாரைத் தூக்கிக்கொண்டு குழு குழுவாகப் பாடக் கிளம்பினார்கள். இந்தக் காற்று தமிழ்ப் பக்கம் வீசியபோது அங்கே அதற்குப் 'பொப்பிசை' என்று பெயர் வந்தது.

'சின்ன மாமியே' பாட்டைச் சிலோன் மனோகருடையது என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதை ஆக்கிப் பாடியவர் நித்தி கனகரத்தினம். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். சொல் நயத்தில் நித்திதான் கெட்டிக்காரர் என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்துப் பேச்சையே பாட்டாக்கினார். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்று துள்ளலான மெட்டிலே புத்தியும் சொன்னார்.

ஏ. ஈ. மனோகரனின் பலம் வேறு. அவருடைய 'சுராங்கனி'யைக் கேளுங்கள். மீன் கொண்டு வந்திருக்கிறேன் என்று ஒருத்தியைக் கூப்பிடுவதற்கு மேல் அதில் பெரிய கருத்து எதுவும் இல்லை. ஆனால் சிங்களத்தில் தொடங்கி, மூச்சு மாறாமல், தாளம் இடறாமல் தமிழுக்குள் நுழைந்துவிடுகிறார். இரண்டு பாஷைக்காரரும் ஒரே சந்தையில் மீன் வாங்குவது போல அவ்வளவு சகஜம்! பிற்காலத்து இலங்கையை நினைத்துக்கொண்டு கேட்டால் நெஞ்சு கனக்கும். குறையும் உண்டு. கிடைத்த வெற்றியையே திரும்பத் திரும்பப் பாடினார். நித்தி போல வாழ்க்கையின் மற்றப் பக்கங்களுக்குப் போகவில்லை.

பாட்டு கடல் தாண்டியது. 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் 'சுராங்கனி' ஒலித்தது. பாடியவர் மலேசியா வாசுதேவன். அருமையான குரல்தான், சுத்தமான பதிவுதான். ஆனால் மேடையில் வியர்வையோடு பாடுகிற அந்த மனுஷன் அதில் இல்லை. 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று பட்டம் வாங்கிய மனோகரும் சென்னைக்கு வந்தார். சினிமா அவருக்கு என்ன கொடுத்தது? பெரும்பாலும் வில்லன் வேடம். தமிழிலும் சரி, இங்கே மலையாளத்திலும் சரி, முரட்டு முகமாகத்தான் அவரைக் கண்டோம். பாட்டை எடுத்துக்கொண்டார்கள், முகத்தை எடுத்துக்கொண்டார்கள், குரலை ஓரமாக வைத்துவிட்டார்கள். 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிலோன் மனோகர், மலேசியா வாசுதேவன். விட்டு வந்த ஊரைப் பெயருக்கு முன்னால் ஒட்டித்தான் தமிழ்நாடு இருவரையும் ஏற்றுக்கொண்டது. 'சிலோன்' என்ற பெயரை 1972-லேயே அந்த நாடு கைவிட்டுவிட்டது. மனோகரை அது கடைசிவரை விடவில்லை. இங்கே 'பாண்டி' என்றும், லீவுக்கு ஊருக்குப் போனால் 'கேரளாக்காரங்க' என்றும் பெயர் வாங்குகிற நமக்கு இது புரியாத சங்கதியா?

நம் சங்க விழாக்களில் பிள்ளைகள் 'சுராங்கனி'க்கு ஆடுவதுண்டு. அடுத்த முறை மைக்செட்காரரிடம் மனோகர் பாடிய பதிவையே கேட்டு வாங்குங்கள். சிங்களத்தில் வரும் பகுதியை வெட்டாமல் போடச் சொல்லுங்கள்.