நொச்சி சூடியவர்கள்: நம் ஹாக்கி கோல்கீப்பர்களில் முதல்வர் யார்?

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் காலை நடை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் ஒரு பெஞ்சில் உட்காருவது வழக்கம். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்ரீஜேஷ் தம் இரண்டாவது வெண்கலப் பதக்கத்தோடு ஓய்வு பெற்றபோது, அந்தப் பெஞ்சில் ஒரு வழக்கு எழுந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர், "என்ன நயினாரே, இனிமே பேச்சே இல்ல. இந்தியாவுக்கு வந்த கோலிங்கள்ல ஸ்ரீஜேஷ்தான் ஒண்ணாம் நம்பர்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "லட்சுமண் பேரையே நீங்க மறந்துட்டீங்க, அதான் இப்படிச் சொல்றீங்க" என்றார். மூன்றாமவர் இருவரையும் விட்டுவிட்டு 1928ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் போட்டார். வெயில் ஏறியது, வழக்கு தீரவில்லை. 2025 அக்டோபர் 31 அன்று மானுவல் பிரெடரிக் இதே பெங்களூரில் காலமானபோது அது மறுபடியும் கிளம்பியது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்கவே, வழக்கை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

நொச்சியும் உழிஞையும்

ஹாக்கிக் கட்டுரையில் இலக்கணம் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தொல்காப்பியர் மதிலை முற்றுவதையும் மதிலைக் காப்பதையும் உழிஞைத் திணை என்ற ஒரே பெயருக்குள் அடக்கினார். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார், காப்பவனுக்கு நொச்சித் திணை என்று தனி இடம் கொடுத்தார். முற்றுகையிடுபவனுக்கு உழிஞைப் பூ, உள்ளே நின்று காப்பவனுக்கு நொச்சிப் பூ. காத்தல் என்பது தாக்குதலின் மறுபக்கம் மட்டுமல்ல, அது வேறொரு வீரம் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தார்கள்.

நம் விளையாட்டு எழுத்தில் அந்த உணர்வு இல்லை. தயான் சந்த் எத்தனை கோல் போட்டார், பல்பீர் சிங் எத்தனை போட்டார் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். கோல் போட்டவன் பெயர் ஆட்டக் குறிப்பில் ஏறும். போகவேண்டிய கோலைத் தடுத்தவன் பெயருக்கு அங்கே கட்டமே கிடையாது. கோல்கீப்பர் பெயர் வருவது பெரும்பாலும் அவர் தோற்றபோதுதான்.

படியும் மரக்காலும்

கடையில் நாற்பது ஆண்டு உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றுவது அளவைப் பற்றிய சந்தேகம்தான். ஒருவர் படியில் அளக்கிறார், இன்னொருவர் கிலோவில் நிறுக்கிறார். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு எது பெரிது என்று கேட்டால் என்ன சொல்வது?

ரிச்சர்ட் ஆலன் கணக்கைப் பாருங்கள். 1928 ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டது. வாங்கியது ஒன்றுமில்லை. 1932 லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்காவை 24-1 என்று வென்றது. 1936 பெர்லினில் இறுதியாட்டத்தில் ஜெர்மனி போட்ட ஒரு கோல்தான் அந்தப் போட்டி முழுவதிலும் நாம் வாங்கியது. மூன்று ஒலிம்பிக்கிலும் ஆலன் வாங்கியது மொத்தம் இரண்டே கோல் என்பார்கள். எண்ணை மட்டும் வைத்தால் வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் 1932இல் அந்த ஒரு கோல் விழுந்தபோது ஆலன் கோலுக்குப் பின்னால் நின்று ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. முழுக்க உண்மையோ, கொஞ்சம் ஏற்றிச் சொன்னதோ, அந்தக் கதை நிலைத்து நின்றதே ஒரு சாட்சி. பந்து அவர் பக்கம் வருவதே அரிது என்பதை அது காட்டுகிறது. ஆக அந்தப் பூஜ்யம் ஆலனுடைய கணக்கு மட்டுமல்ல, அவருக்கு முன்னால் நின்ற பத்துப் பேருடைய கணக்கும்கூட. ஆலன் சிறியவர் என்று நான் சொல்லவரவில்லை. அந்த எண் அவரை அளக்கப் போதாது என்கிறேன்.

கருவி மாறிய கதை

எங்கள் பகுதியில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் சுவரோடு சுவராக வாழ்ந்த நாட்களில், ஹாக்கி மட்டை இல்லாத வீடு குறைவு. பள்ளியில் எனக்குக் கோலில் நிற்க ஆசை. அப்பாவுக்கு ஆட்டம் பிரச்சினை இல்லை, காலில் கட்டும் பேட்தான் பிரச்சினை. "தோலாச்சேடா. நம்ம வீட்டு வாசப்படிக்குள்ள அது வரக்கூடாது" என்றார். கான்வாஸ் துணிக்குள் பஞ்சடைத்து அம்மா தைத்துக் கொடுத்ததைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் வீங்கிப்போச்சு. ஹாக்கிப் பந்து ஏறத்தாழ 160 கிராம்தான், ஆனால் கல் மாதிரி. அன்றைக்குப் பட்ட அடிதான் இந்தக் கட்டுரையின் முதல் ஆதாரம் என்று சொன்னாலும் தப்பில்லை.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. ஆலன், பிரான்சிஸ், லட்சுமண், பிரெடரிக் எல்லாரும் தலைக்கவசம் இல்லாமல் நின்றவர்கள். இன்று ஸ்ரீஜேஷ் தலை முதல் கால் வரை நுரைப்பொருள் கவசத்தோடு நின்றார். பேட் தடிமனாகவும் அகலமாகவும் ஆனதால், காலை நீட்டினாலே பந்து தெறித்து ஓடும். அப்படியானால் பழையவர்களே பெரியவர்கள் என்று முடித்துவிடலாமா? முடியாது. கவசம் ஏறியதுபோலவே எதிரியின் ஆயுதமும் ஏறியது. 1976 மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி புல்லைவிட்டுச் செயற்கைத் தளத்துக்குப் போனது. அந்த ஆண்டு நாம் ஏழாம் இடம். பந்தின் வேகம் கூடியது. 1990களில் பெனால்டி கார்னரில் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் பரவியது. ஆஃப்சைடு விதி நீக்கப்பட்டதும் தாக்குபவர் கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னாலேயே நிற்கலாம் என்றாயிற்று. மாறாதது கோல் ஒன்றுதான்: பன்னிரண்டு அடி அகலம், ஏழு அடி உயரம்.

எந்த நோக்கில்?

சமணத் தருக்கத்தில் அநேகாந்தம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள். எதைச் சொன்னாலும் எந்த நோக்கில் சொல்கிறோம் என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும். அந்த நோக்குக்கு நயம் என்று பெயர். சிலர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "எல்லாரும் ஒரு வகையில பெரியவங்கதான்" என்று நழுவிவிடுவார்கள். அது அநேகாந்தம் அல்ல, கடையை மூடிவிட்டுப் போவது. நோக்கைச் சொல்லிவிட்டால் தீர்ப்பும் சொல்லியாகவேண்டும்.

நான் எடுத்துக்கொள்ளும் நயங்கள் மூன்று. ஒன்று, தமக்குச் சமமான எதிரியின் முன்னால் அவர் என்ன செய்தார். இரண்டு, முன்னால் நிற்பவர்கள் தளர்ந்தபோது ஆட்டத்தைத் தனியே தாங்கினாரா. மூன்று, எத்தனை காலம், எத்தனை மாற்றங்களைத் தாண்டி நின்றார்.

முதலில் நம்மவர். ரங்கூனில் பிறந்து சென்னையில் வாழ்ந்து 1975இல் மறைந்த ரங்கநாதன் பிரான்சிஸ் 1948, 1952, 1956 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். புலம்பெயர்ந்த நம் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியும்? எழுதத் தொடங்கியபோது அவரை முதலிடத்தில் வைக்கவே என் கை துடித்தது. ஆனால் எங்கள் மரபில் இல்லறத்தாருக்குச் சொன்ன கள்ளாமை விரதத்தின் குற்றங்களில் கூட்டிக் குறைத்து அளப்பதும் ஒன்று. நம்மவர் என்பதற்காகத் தராசுத் தட்டில் விரல் வைப்பதும் அந்தக் குற்றம்தான். 1948 இறுதியாட்டத்தில் கோலில் நின்றவர் லியோ பின்டோ. 1956இல் முக்கிய ஆட்டங்களில் நின்றவர் லட்சுமண். பிரான்சிஸுக்கு முழுதாக உரியது 1952 ஹெல்சிங்கி: மூன்று ஆட்டங்களில் இரண்டே கோல் வாங்கினார், இறுதியில் நெதர்லாந்தை 6-1 என்று வென்றோம். அது பெரிய பெருமை. முதலிடத்துக்கு அது மட்டும் போதாது.

சங்கர் லட்சுமண் மௌ நகரத்துக்காரர், மராத்தா காலாட்படை வீரர். அவர் காலத்தில்தான் நமக்குச் சமமான எதிரியாகப் பாகிஸ்தான் எழுந்தது. 1956 மெல்பர்ன் இறுதியில் 1-0 வெற்றி; அந்தப் போட்டி முழுவதும் இந்தியா ஒரு கோலும் வாங்கவில்லை. 1960 ரோம் இறுதியில் 0-1 தோல்வி. 1964 டோக்கியோ இறுதியில் மொஹிந்தர் லால் அடித்த ஒரே கோலைக் கையில் வைத்துக்கொண்டு, பாகிஸ்தானின் பெனால்டி கார்னர்களை ஒவ்வொன்றாகத் தடுத்து மறுபடியும் 1-0. சமமான எதிரியோடு மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டம், மொத்தம் வாங்கியது ஒரு கோல். ஆலனின் இரண்டு கோலையும் இந்த ஒரு கோலையும் ஒரே படியில் அளக்கமுடியாது. 1966இல் கோல்கீப்பரே தலைவராக நின்று பாங்காக் ஆசிய விளையாட்டில் ஹாக்கியின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார்.

மானுவல் பிரெடரிக் கண்ணூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்தவர். 1972 மியூனிக்கில் வெண்கலம், 1973 உலகக்கோப்பையில் வெள்ளி. அந்த 1973 இறுதியில் நெதர்லாந்தோடு 2-2 என்று சமமாகி டைபிரேக்கரில் தோற்றோம். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் கேரளத்துக்காரர் அவரே. தயான் சந்த் விருது வந்தது 2019இல். மியூனிக் முடிந்து 47 ஆண்டு ஆகிவிட்டது.

இடையில் இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும். 1982 தில்லி ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றபோது, பதினொரு பேர் தோற்ற ஆட்டத்தின் பழி முழுவதும் மிர் ரஞ்சன் நேகி என்ற ஒருவர் தலையில் விழுந்தது. அதே நேகி 1998இல் பயிற்சியாளர் குழுவில் இருந்தார். பாங்காக் இறுதியில் தென்கொரியாவோடு 1-1 என்று சமமானபின், டைபிரேக்கரில் ஆஷிஷ் பல்லால் தடுத்துக் கொடுத்து 32 ஆண்டுக்குப் பின் தங்கம் வந்தது. பத்துப் பேர் ஓடியாடிச் செய்த தப்பை யாரும் எண்ணுவதில்லை, பதினொன்றாமவர் குனிந்து பந்தை எடுப்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

ஸ்ரீஜேஷ் 2006 முதல் 2024 வரை 18 ஆண்டு, 336 சர்வதேச ஆட்டங்கள். 2014 இன்சியான் ஆசிய இறுதியில் பாகிஸ்தானை ஷூட்அவுட்டில் நிறுத்தினார். 2021 ஆகஸ்டில், டோக்கியோ வெண்கல ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் ஜெர்மனியின் பெனால்டி கார்னரைத் தடுத்து 5-4 என்று முடித்தார். பாரிஸ் காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டையோடு வெளியேற, ஏறத்தாழ நாற்பது நிமிடம் பத்துப் பேரோடு ஆடிய அணியை ஷூட்அவுட் வரை இழுத்துக்கொண்டு வந்து பிரிட்டனை வென்றார். என் இரண்டாம் நயத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தீர்ப்பு

காலம், மாற்றம் என்ற மூன்றாம் நோக்கில் ஸ்ரீஜேஷ் முதல்வர். அதில் எதிர்ப்பேச்சு இல்லை. தனியே தாங்கிய நோக்கில் அவரும் லட்சுமணும் சமம். சமமான எதிரி என்ற முதல் நோக்கில், தங்கம் கையில் இருக்கும் ஆட்டத்தில் ஒற்றைக் கோலைக் காத்தவர் என்பதால் லட்சுமண் ஒரு குன்றிமணி எடை கூடுகிறார். எனவே என் வரிசை: லட்சுமண், ஸ்ரீஜேஷ், ஆலன், பிரான்சிஸ், பிரெடரிக். குன்றிமணி எடைதான் வித்தியாசம் என்பதால், யாராவது நல்ல ஆதாரத்தோடு வந்தால் முதல் இரண்டு பேரை இடம் மாற்றி வைக்க எனக்குத் தயக்கமில்லை.

வேறொரு வித்தியாசம் குன்றிமணி எடை அல்ல. ஸ்ரீஜேஷ் அணிந்த 16ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தார்கள், 2025இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். நல்ல காரியம். லட்சுமணுக்கு 1967இல் பத்மஸ்ரீ கொடுத்தவர்கள், 2006 ஏப்ரலில் மௌவில் கால் அழுகி, பணக் கஷ்டத்தில் அவர் இறக்கும் வரை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தைத் தடுத்த அதே கால். கோட்டை நின்றபின் காத்தவனை மறப்பது நம் நாட்டுப் பழக்கமாகிவிட்டது.

இதைச் சொன்னபோது சாப்பர்ஸ் நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி நயினாரே, லட்சுமணே முதல்ல இருக்கட்டும். ஆனா உங்க பேரனுக்கு இந்த அஞ்சு பேரையும் மனப்பாடம் பண்ணிக் கொடுங்க" என்றார். கொடுத்துவிட்டேன். பிரான்சிஸ் பெயரை அவன் சரியாகச் சொல்கிறான். இந்த மலரை வாசிக்கும் குடும்பங்களிலும் யாராவது ஒரு பிள்ளை சொன்னால், பெஞ்சு வழக்கு வீண்போகவில்லை என்று எண்ணிக்கொள்வேன்.