நண்பரைக் கேட்டவர், தந்தையாக நின்றவர்

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா பேச எழுந்தார். அப்போது அவருக்கு வயது 35. இந்தியாவுக்கு வந்த மிஷனெரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் இந்திய ஊழியரைச் சமமாக உட்காரவைத்துப் பேசும் நட்பு அவர்களிடம் இல்லை என்று வெள்ளைக்காரர் நிறைந்த அரங்கில் முகத்துக்கு நேராகச் சொன்னார். பலருக்கு அது உறுத்தியது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டில், 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவரே ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். கேட்கும் இடத்தில் இருந்தவர் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டார். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை எப்படி நடத்தவேண்டும் என்று எடின்பரோவில் அவர் வைத்த அளவுகோலை அவருடைய முப்பத்திரண்டு ஆண்டுப் பேராயர் ஊழியத்துக்கும் வைத்துப் பார்ப்பதே நியாயம். நினைவு மலர்களில் வரும் புகழுரைகள் இதைச் செய்வதில்லை.

மேய்ப்பர்களுக்குப் பேதுரு தம் முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் மூன்று தடைகள் போடுகிறார்: கட்டாயத்தின் பேரில் ஊழியம் கூடாது, ஆதாயத்துக்காகக் கூடாது, மந்தையின் மேல் அதிகாரம் செலுத்தக் கூடாது. முதல் இரண்டில் அசரியாவைப் பற்றிச் சந்தேகிக்க இடமே இல்லை. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்கவேண்டும் என்பது அதன் விதி. 1909-ல் அவர் ஒய்.எம்.சி.ஏ.வின் செயலர் பதவியை விட்டார். நாடெங்கும் பயணமும் பேரும் தந்த பதவி அது. அதை விட்டுவிட்டு நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போய், முப்பது வயதைக் கடந்தபின் தெலுங்கு கற்றுக்கொண்டு, கிராம மிஷனெரியானார். சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் அவரை முன்னிறுத்தியதால்தான் பேராயர் பதவி வந்தது, அதற்கான அடித்தளம்தான் இந்தக் கிராம ஊழியம் என்று சொல்வாருண்டு. ஆனால் பதவிக்காக ஒரு மனிதர் மாட்டுவண்டிப் பாதையில் முப்பத்தைந்து ஆண்டுகள் அலைவதில்லை. சாகும்வரை, அதாவது 1945 ஜனவரி 1 வரை, அவர் தோர்ணக்கல்லிலேயே இருந்தார்.

நோக்கத்தைப் பற்றிய கடினமான கேள்வி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1930-களில் காந்தி, தாழ்த்தப்பட்ட மக்கள் சேரி சேரியாக மதம் மாறுவதைக் கண்டித்தார். தலைகளை எண்ணும் ஊழியம் ஆன்மிகம் ஆகாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1912-ல் ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த அவருடைய தோர்ணக்கல் திருமண்டலத்துச் சபையார் 1941-ல் இரண்டேகால் லட்சத்தைத் தொட்டார்கள். மாலா, மாதிகா என்ற தாழ்த்தப்பட்ட சாதிகளின் குடும்பங்கள் ஊரோடு சேர்ந்து எடுத்த முடிவில் ஒவ்வொருவரும் தனித்தனியே எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அசரியா அவர்களிடம் கேட்டதையும் பார்க்கவேண்டும். ஞானஸ்நானம் பெற்றவர் தம் கையைத் தம் தலைமேல் தாமே வைத்துக்கொண்டு, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் தமக்கு ஐயோ என்று பவுலைப்போல் உறுதிமொழி சொல்லவேண்டும். குருவானவர் கை வைப்பது சபை வழக்கம். கூலிக்காரர் தம் தலைமேல் தாமே கை வைப்பது வேறு சங்கதி. அதுவரை யாருக்காவது அடங்கியே நடந்தவருக்கு அந்தக் கணத்தில் ஒரு பொறுப்பு வருகிறது. கைப்பிடி அரிசி இன்னொரு சான்று. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கும் வழக்கம் திருநெல்வேலிப் பெண்களுடையது. அந்தக் கொடுக்கும் பழக்கத்தைத் தெலுங்குச் சேரிகளிலும் அவர் வளர்த்தார். அரைவயிற்றுக்கு உண்பவரிடம் காணிக்கை கேட்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அசரியா காணிக்கை கேட்டது சரி என்றே நான் நினைக்கிறேன். விலைக்கு வாங்கப்பட்ட மந்தை தன் குருவானவரின் சம்பளத்துக்கு அரிசி எடுத்துவைக்காது.

எண்ணிக்கைதான் நோக்கம் என்ற குற்றச்சாட்டு விழுவதற்கு இன்னும் பலமான காரணம் உண்டு. கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி தருவதை அசரியா எதிர்த்தார். 1932-ல் பிரிட்டிஷ் அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு அந்தத் தனித்தொகுதியைத் தந்தபோது, தலைகளின் எண்ணிக்கை அப்படியே அரசியல் பலமாக மாறும் வாய்ப்பு வந்தது. கைக்கு வந்த அந்த ஆதாயத்தை வேண்டாம் என்றார். சபை தன்னை ஒரு வகுப்பாகப் பிரித்துக்கொண்டால் நாட்டோடும் ஒட்டாது, சுவிசேஷத்தையும் சொல்ல முடியாது என்பது அவர் நிலை. எண்ணிக்கைக்காக மதம் மாற்றுபவர் எடுக்கும் நிலை அல்ல இது. இந்த விஷயத்தில் காந்தியின் சந்தேகம் பொதுவாகச் சரியாக இருந்தாலும், அசரியாவைப் பொறுத்தவரை தவறு.

மந்தையின் மேல் அதிகாரம் செலுத்தக் கூடாது என்ற மூன்றாவது தடையில்தான் சிக்கல். மக்கள் அவரைத் 'தண்ட்ரிகாரு' என்று அழைத்தார்கள். அப்பா என்று பொருள். அன்பாகவே அழைத்தார்கள். அவரும் அப்பாவாகவே நடந்தார். அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கு பேய்களை ஓட்டவேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னார். கண்டிப்பு இல்லாமல் அந்தச் சேரிகளில் பள்ளியும் கூட்டுறவுச் சங்கமும் எழுந்திருக்காது. 1924-ல் அவர் திருமண்டலத்தில் இங்கிலாந்தில் பிறந்த குருக்கள் 8 பேர், இந்தியர் 53 பேர். 1930-களின் நடுவில் இந்திய குருக்கள் ஏறத்தாழ 250 பேர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராம உபாத்தியாயர்களும் இருந்தார்கள். இந்தியக் கிராமத்தில் ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவர் இதைப்போல் செய்ததில்லை.

ஆனாலும் அப்பா எவ்வளவு நல்லவரானாலும் நண்பர் ஆகிவிடமாட்டார். எடின்பரோவில் அவர் மிஷனெரிகளைக் குறை சொன்னதே இதற்காகத்தான்: பரிவு இருந்தது, சமத்துவம் இல்லை. 1912 முதல் 1945 வரை இந்தியாவின் ஆங்கிலிக்கன் திருமண்டலம் ஒன்றைத் தன் பொறுப்பில் நடத்திய இந்தியர் அவர் ஒருவரே. அவர் மறைந்தபின் தோர்ணக்கல் பீடத்தில் அமர்ந்தவரும், அவருக்கு உதவிப் பேராயராக இருந்த ஏ. பி. எலியட் என்ற வெள்ளைக்காரர். இதற்கு ஏகாதிபத்தியத்தின்மேல் மட்டும் பழி போட முடியாது. 1930-லேயே இந்தியத் திருச்சபை அரசின் பிடியிலிருந்து விலகித் தன்னாட்சி பெற்றுவிட்டது. 250 இந்திய குருக்களை உருவாக்கியவர், அவர்களில் ஒருவரைத் தமக்கு அடுத்த இடத்தில் உட்காரவைக்கவில்லை. மற்றப் பேராயர்களின் தயக்கம் அவரைக் கட்டியிருக்கலாம். அது விளக்கமே தவிர விடுதலை அல்ல. மாலா, மாதிகா வேற்றுமையும் அவர் காலத்தில் அடங்கியிருந்தது, அழியவில்லை. தெலுங்குச் சபைகளில் அது இன்றும் பேசப்படுகிறது. அப்பாவின் சொல்லுக்காகப் பேசாதிருந்தவர்கள் அவர் போனபின் பேசினார்கள்.

திருச்சபை ஒன்றிப்பில் மட்டும் அவர் தம் அதிகாரத்தைக் கரைக்கத் துணிந்தார். 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய 33 ஊழியர்களின் கூட்டத்துக்கு அவரே தலைவர். அவர்களில் இருவரைத் தவிர மற்ற அனைவரும் இந்தியர். ஆங்கிலிக்கன் பேராயர் என்ற அவருடைய பட்டமே பொதுச் சபைக்குள் கரைந்துபோகும் ஒரு திட்டத்துக்கு அங்கே வித்திட்டார்கள். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்தத் திருச்சபையில் இன்று பேராயர் தேர்தல்கள் நீதிமன்றப் படியேறுவதையும், வாக்குக்குச் சாதி பார்ப்பதையும் நாம் அறிவோம். அந்தச் சீரழிவை அவர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

ஆகவே என் தீர்ப்பு: நோக்கத்தில் அசரியா குற்றமற்றவர். ஏழைகளைத் தங்கள் காலில் நிற்கவைக்கும் பொறுப்பில் அவருக்கு நிகராகச் சொல்லத் தென்னிந்தியாவில் இன்னொரு பேராயர் எனக்குத் தோன்றவில்லை. தம் இடத்துக்கு இன்னொரு இந்தியரைத் தயார் செய்யும் பொறுப்பில் அவர் தவறினார். அந்தத் தவறு சிறியதல்ல. எடின்பரோவில் அவர் கேட்டது பேராயர் பதவியை அல்ல. தம்மைப் போன்றவரைப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொன்னார். பக்கத்தில் உட்காரவைக்க அவருக்குப் பின்னாலேயே 250 பேர் இருந்தார்கள்.