வரைபடத்தாளுக்கு உருள்பட்டை உண்டா?

பள்ளியில் முதன்முதலாக வரைபடம் போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். பென்சிலைத் தாளில் வைப்பதற்கு முன் ஆசிரியர் எதைக் கேட்டார்? அளவுத்திட்டத்தை. மிகப் பெரிய மதிப்பு எது, மிகச் சிறியது எது என்று பார்த்து, எல்லாம் தாளுக்குள் அடங்கும்படி 1 செ.மீ.க்கு எத்தனை அலகு என்று முடிவு செய்து, மேல் மூலையில் எழுதிய பிறகுதான் புள்ளி வைக்க விடுவார். தாள் போதவில்லை என்று இன்னொரு தாளை ஒட்டிக்கொண்டு வந்த மாணவனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாணவன்தான் வளர்ந்து இன்று ஆலைகளுக்குத் திரை வடிவமைக்கிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி காரும் லாரியும் டயரும் கண்ணாடியும் செய்யும் பெரிய தொழில் வட்டாரமாகிவிட்டது. இங்கே உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) சுவரில் மாட்டிய 43 அங்குலத் திரை ஒன்றைப் பார்த்தேன். 'டாஷ்போர்டு' என்றார்கள். அதில் ஆறு வரைபடங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அடியிலும் ஓர் உருள்பட்டை. ஹைட்ராலிக் பிரஸ்ஸின் அழுத்தக் கோடு காலை பதினொரு மணியோடு நின்றிருந்தது. அப்போது நேரமோ பிற்பகல் இரண்டு. மீதி மூன்று மணி நேரம் வலது விளிம்புக்கு அப்பால் ஒளிந்திருந்தது. அதை இழுத்துப் பார்க்கச் சுட்டெலி வேண்டும். பிரஸ் ஓட்டுபவர் ஐந்து மீட்டர் தள்ளி, கையுறையோடு நிற்கிறார்.

உருள்பட்டை எப்படி வந்து முளைக்கிறது என்பது ஒரு வேடிக்கை. வரைபடத்துக்கு 960 படப்புள்ளி அகலம் என்று நிலையாக எழுதி வைத்து, சரியாக 960 அகலமுள்ள கட்டத்துக்குள் வைக்கிறார்கள். அகலம் பொருந்துகிறது, உயரம் மட்டும் கொஞ்சம் மிஞ்சுகிறது. உடனே பக்கவாட்டில் உருள்பட்டை வருகிறது. அந்தப் பட்டைக்கே பல கணிப்பொறிகளில் 15 முதல் 17 படப்புள்ளி இடம் வேண்டும். ஆகவே மிச்சம் சுமார் 943. இப்போது அகலமும் போதவில்லை! அடியில் இரண்டாவது பட்டை. இதற்கு மருந்து எளிது. வரைபடத்துக்கு நிலையான அளவு தராமல், கட்டத்தின் அளவைக் கேட்டறிந்து, அது மாறும்போதெல்லாம் புதிதாக வரையச் சொல்ல வேண்டும். புகைப்படத்தைப் போலச் சுருக்கக் கூடாது. எழுத்தும் சேர்ந்து சுருங்கிவிடும்.

ஆனால் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் பெரிய தவறைச் செய்கிறார்கள். கவனமாகப் பாருங்கள்.

விநாடிக்கு ஓர் அளவீடு என்றால் எட்டு மணி நேர ஷிப்டுக்கு 28,800 அளவீடுகள். கட்டத்தின் அகலம் 960. ஒரு படப்புள்ளிக்கு 30 அளவீடுகள் விழுகின்றன. முப்பதுக்குப் பதிலாக எதை வரைவது? 'சராசரியை' என்பார்கள். அழுத்தம் 27 விநாடி 200 பார் அளவில் இருந்து, 3 விநாடி 260-க்குத் தாவியது என்று வைத்துக்கொள்வோம். அபாய எல்லை 240. சராசரியைக் கணக்கிடுங்கள்: 206. திரையில் கோடு சாதுவாகப் போகும்; எல்லை தாண்டியதன் அடையாளமே இருக்காது. 'முப்பதில் ஒன்றை மட்டும் எடு' என்பது இன்னொரு வழி. மூன்று விநாடித் தாவல் அதில் அகப்படப் பத்தில் ஒரு வாய்ப்புத்தான். உருள்பட்டை உண்மையை மறைத்தது. சராசரி அதை அழித்தேவிட்டது. இரண்டில் முதலாவதே மேல் என்பேன்.

சரியான வழி, முப்பதிலும் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் எடுத்து, இரண்டுக்கும் இடையே ஒரு செங்குத்துக் கோடு போடுவது. 28,800 எண்களுக்குப் பதில் 1,920 எண்கள் போதும். 260 தன் இடத்தில் ஊசியாக நிற்கும். அந்த நிமிடத்தைத் தொட்டால் அதன் அறுபது அளவீடுகளையும் விரித்துக் காட்டலாம்.

இது பிரஸ்ஸுக்கு மட்டும் உரிய கணக்கு அன்று. இதே வட்டாரத்தில், ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் போய்ச் சேரும் செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அந்த வேகத்தில் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 250 கோடி கன அடி, 364.5 கோடி கன அடி கொள்ளளவுள்ள ஏரியில் மூன்றில் இரண்டு பங்கு! அந்த ஒரு நாள் நீரை ஆண்டு முழுவதற்கும் சராசரியாகப் பரப்பினால் விநாடிக்கு வெறும் 79 கன அடி. சென்னையை மூழ்கடித்த வெள்ளம் ஒரு வாய்க்காலாகத் தெரியும்.

தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தை உலகுக்குத் தந்த வால்டர் ஷூஹார்ட், 1924 மே மாதம் அதைத் தம் மேலாளருக்கு ஒரே பக்கக் குறிப்பாகத்தான் எழுதினார். படமும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே அடங்கிற்று. எல்லைக் கோடும் அதைத் தாண்டும் புள்ளியும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. மகலனோபிஸ் அழைத்து, 1947-48-ல் அவர் இந்தியாவுக்கும் வந்து போயிருக்கிறார்.

மீண்டும் அந்தச் சுவருக்கு வருவோம். எழுத்தின் உயரம், பார்க்கும் தூரத்தில் இருநூறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது ஒரு நடைமுறைக் கணக்கு. ஐந்து மீட்டருக்கு 25 மி.மீ. அந்தத் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. வரிசைக்கு மூன்று வரைபடம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 32 செ.மீ. கூட இல்லை, மணியைக் குறிக்கும் எண்களே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பிரஸ் ஓட்டுபவருக்கு வேண்டியவை அழுத்தமும் எண்ணெயின் வெப்பமும். அந்த இரண்டை மட்டும் சுவரில் வைத்து, மற்ற நான்கையும் பொறியாளரின் மேசைக்கு அனுப்பிவிடலாம். அங்கே சுட்டெலி இருக்கிறது.