பிசியும் மலையகச் சிறாரும்

விடுகதையைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குவது கற்றாரிடத்தும் காணப்படும் வழக்கமாகும். நமக்குக் கிடைத்துள்ள இலக்கண நூல்களுள் மிகப் பழையதாகிய தொல்காப்பியம் அதனை அவ்வாறு ஒதுக்கவில்லை. பாட்டும் உரையும் நூலும் முதுசொல்லும் வைத்தெண்ணப்பட்ட செய்யுளியலில், பிசி என்னும் பெயரால் விடுகதையும் இடம்பெற்றுள்ளது. உவமையின் ஒப்புமையால் பொருளை உணர்த்துவது ஒன்று. ஒன்றைச் சொல்ல அதனால் மற்றொன்று தோன்றுமாறு துணிந்து கூறுவது மற்றொன்று. இவ்வாறு பிசி இருவகைப்படும் என்பது அந்நூலின் கொள்கை.

இவ்விரண்டிலும் ஒரு பொது இயல்பு உண்டு. பிசி பொருளைக் காட்டிக்கொண்டே மறைக்கும். கண் மூன்றுடையான், ஆயினும் சிவனல்லன் என்று தேங்காயைச் சொல்லும்போது, முற்பகுதி கேட்போனை ஒரு வழியிற் செலுத்துகிறது. பிற்பகுதி அவ்வழியை அடைக்கிறது. உள்ள பொருளை, ஒன்றோடொன்று பொருந்தாதனபோலத் தோன்றும் சொற்களாற் கூறுவதே புதிரின் இயல்பு என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் கருதினார். நல்ல புதிரிலிருந்து நல்ல உருவகம் பிறக்கும் என்பதும் அவர் கருத்து. ஆகவே விடுகதை சொல்லும் சிறுவன் கவிதையின் வாயிலிலேயே நிற்கிறான் எனலாம்.

சொல் விளையாட்டு இதனின் வேறாயது. குதிரை என்னும் மூன்றெழுத்துச் சொல்லில் முதலெழுத்தை நீக்கத் திரையாகும். இடையெழுத்தை நீக்கக் குரையாகும். கடையெழுத்தை நீக்கக் குதியாகும். இதனைச் சிறுவர் குறும்பென எண்ணுவோர், எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் குறைத்து வெவ்வேறு பொருள் காணும் அக்கரச் சுதகத்தைத் தண்டியலங்காரம் சொல்லணிகளுள் ஒன்றாகக் கூறுவதை நினைவுகூர்தல் வேண்டும். ஒரு சொற்றொடரால் இருபொருள் கூறிக் காளமேகப் புலவர் பெற்ற புகழும் இவ்வகைப்பட்டதே. தேயிலை என்னும் சொல்லைத் ‘தேய் இலை’ எனப் பிரித்துக் காணும் சிறுவன், பெயரறியாமலே பிரிமொழிச் சிலேடையைக் கையாளுகிறான்.

இனிக் குறும்பு வினா என ஒன்றுண்டு. இருபத்தெட்டு நாள் உள்ள மாதம் எது என்ற வினாவிற்குப் பெப்ரவரி என்று விடையிறுப்போன் தோற்பான். எல்லா மாதத்திலும் இருபத்தெட்டு நாள் உண்டன்றோ! இதனை ஏமாற்று எனல் பொருந்தாது. விடை வினாவினுள்ளேயே உளது. கேட்டவன் வினாவைச் செவ்வனே நோக்கவில்லை. விடை தெரிந்தபின் கேட்டவன் தானே தலையசைப்பானாயின் அது நேரிய புதிர். கேட்டவன் மட்டுமே அறிந்ததொன்றை விடையாகக் கொண்டது நேர்மையற்றது. புதிர்களைத் தேர்ந்தெடுக்க இவ்வளவுகோல் போதும்.

இவ்வளவுகோலைக் கொட்டகலையில் வைத்து நோக்கின் ஓர் இடர்ப்பாடு புலனாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்தினின்று மலைநாட்டிற்கு வந்த தொழிலாளர் தம் ஊர்ப் பாடல்களோடும் பழமொழிகளோடும் விடுகதைகளையும் கொணர்ந்தனர். பனையும் ஏற்றமும் ஏரும் களத்துமேடும் அவற்றின் விடைகளாயின. ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், லயத்திற் பிறந்து தேயிலைச் சரிவையே நாளும் காணும் சிறுமி ஏற்றத்தை எங்ஙனம் அறிவாள்? அவளுக்கு அவ்விடுகதை நேரிய புதிரன்று. விடையை அவள் மனப்பாடம் செய்யலாம், கண்டுபிடித்தல் இயலாது. கண்டுபிடித்தலின்றேல் விடுகதையும் இல்லை.

இது சிறு குறையன்று. தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியில் அரசாங்கப் பொறுப்பிற்கு வரத் தொடங்கியபின், மலையகப் பிள்ளைகளும் நாட்டின் ஏனைய பிள்ளைகளோடு ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் நுண்ணறிவை நோக்கிய வினாக்கள் இடம்பெறுகின்றன. காணாத பொருளை ஊகிக்க இயலாத பிள்ளையை மந்தம் என்று முத்திரையிடுதல் அறியாமையையும் அறிவின்மையையும் ஒன்றெனக் கொள்ளும் பிழையாகும்.

அவ்வாறாயின் பழைய விடுகதைகளைக் கைவிடலாமோ எனின், ஆகாது. அவை முன்னோர் விட்டுச்சென்ற ஊரின் நினைவுகள். பொருளைப் படத்திலேனும் முன்னர்க் காட்டிச் சில நாள் கழித்து விடுகதையைச் சொன்னால் பிள்ளை தானே விடை காண்பாள். அதனோடு அவள் கண்ணெதிரே உள்ளவற்றிலிருந்தும் புதியன பிறத்தல் வேண்டும். ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்தினூடே புகையிரதம் செல்கிறது. மலையைத் தைக்கும் ஊசி எது என்று வினவின் கொட்டகலைப் பிள்ளை நொடியில் விடை பகர்வாள். காலையில் வெறும் வயிற்றோடு தாயின் முதுகேறி, மாலையில் நிறைவயிற்றோடு இறங்கும் பிள்ளை எது என்று வினவின் கொழுந்துக் கூடை என்பாள். அவ்விடையோடு மற்றொன்றும் அவளுக்குத் தோன்றக்கூடும். கூடை தாயின் முதுகிலிருக்க, பெற்ற பிள்ளை பிள்ளைக் காம்பராவிலன்றோ இருந்தது!

ஒன்றைச் சொல்ல மற்றொன்று தோன்றுதல் என்று தொல்காப்பியம் கருதியது இத்தகையதே. நாளும் கண்டு பழகிய பொருளை மீண்டும் ஒருமுறை உற்று நோக்கச் செய்வதே பிசியின் பயன். அப்பயனை மலையகப் பிள்ளைக்கு அவள் மண்ணிலிருந்தே எடுத்தளித்தல் தமிழாசிரியர் கடனாகும்.