ஏட்டிலிருந்து சுவருக்கு

இயற்கைப் பொருள்களைப் பற்றிய பழைய நூல்களிலே இடம்பெற்ற சித்திரங்கள் பல, இன்று தாம் பிறந்த ஏட்டை விட்டு நீங்கிச் சுவரை அடைந்திருக்கின்றன. விடுதிகளின் கூடத்திலும், வைத்தியரைக் காண்போர் காத்திருக்கும் அறையிலும், வசதி படைத்தோர் இல்லத்து விறாந்தையிலும் அவற்றைக் காணலாம். மெல்லிய சட்டத்துள்ளே ஒரு கிளை. கிளையிலே ஒரு மலர். மலரருகே ஒரு வண்ணத்துப்பூச்சி. அடியிலே இலத்தீன் மொழியில் ஒரு பெயர் இருக்கலாம், அதுவும் இல்லாதிருக்கலாம். இச்சித்திரங்களின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ கழிந்துவிட்டது. பெரிய நூலகங்கள் தம்மிடமுள்ள பிரதிகளைப் படம்பிடித்து எவரும் எடுத்துப் பயன்கொள்ளுமாறு வைத்திருக்கின்றன. ஆதலின், அச்சிட்டு விற்பதற்குத் தடையொன்றும் இல்லை. காண்போர் "அழகிது" என்பர். அதற்கப்பால் வினாவுவார் அரியர்.

இவ்வணிகத்தை எளிதிற் பழித்துவிடலாம். ஆயின் பழிப்பு ஆராய்ச்சியாகாது. இச்சித்திரங்கள் எதன்பொருட்டு வரையப்பட்டன, சுவரேறும்போது எதனை இழக்கின்றன, இழவாது காப்பது எது என்பவற்றை நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறுதல் முறையாகும். அதற்கு உரைகல்லாகக் கொள்ளத்தக்கவர் மரியா சிபில்லா மேரியன் என்னும் அம்மையார். அவர் வரைந்தவற்றைப்போல் அடிக்கடி சட்டமிடப்பட்டவை சிலவே. அவற்றைப்போல் அறிவு செறிந்தவையும் சிலவே.

மேரியன் 1647 இல் பிராங்பேர்ட் நகரிலே பிறந்தார். தந்தையார் பெயர்பெற்ற செப்புத்தகட்டுப் பொறிப்பாளர். தந்தை இறந்தபின் தாயார் மணந்த யாக்கோப் மாரெல் என்பவரோ மலரோவியர். ஆகவே பொறிப்புளியும் தூரிகையும் அம்மையாருக்கு மனைச்செல்வங்களாயின. 1675 முதல் 1680 வரை அவர் வெளியிட்ட மலர்ச்சித்திர நூல், துணியிலே பூவேலை செய்வார்க்கும் ஓவியம் பயில்வார்க்கும் மாதிரியாக அமைந்ததாகும். அலங்காரத்தையே நோக்கமாகக் கொண்டு அவர் தொழில் தொடங்கினார் என்பது ஈண்டு மறக்கத்தகாதது. பின்னர்ப் புழுக்களின் உருமாற்றத்தைப் பற்றிய நூலின் முதற்பகுதியை 1679 இல் வெளியிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1699 இல், தம் 52 ஆம் வயதிலே, தம் ஓவியங்களையும் சேகரிப்புகளையும் விற்றுப் பயணச்செலவு தேடிக்கொண்டு, இளைய மகளுடன் தென்னமெரிக்காவில் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த சூரினாம் நாட்டுக்குக் கப்பலேறினார். நோயுற்று 1701 இல் மீண்டார். அப்பயணத்தின் பயனாக 1705 இல் அம்ஸ்ரர்டாம் நகரில் வெளிவந்ததே, சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய பெருநூல். அறுபது செப்புத்தகட்டுச் சித்திரங்களும், ஒவ்வொரு சித்திரத்துக்கும் எதிரே அதற்குரிய விளக்கவுரையும் அமைந்தது அது.

அச்சித்திரங்களின் அமைப்பு உற்றுநோக்கத்தக்கது. அக்காலத்துப் பூச்சிநூல்கள் பல, பொருட்காட்சிப் பெட்டியில் ஊசியாற் குத்திவைத்தாற்போலப் பூச்சிகளை வரிசையாக நிறுத்திக் காட்டின. மேரியனோ புழுவை அது தின்னும் இலையோடு வரைந்தார். இலையிலே புழு, காம்பிலே கூட்டுப்புழு, பூவின்மேற் சிறகு விரித்த பூச்சி. மரமும் புள்ளும் விலங்கும் உணவும் ஒரு நிலத்தின் கருப்பொருளாக ஒருங்கெண்ணப்படும் தமிழ்ப் பொருளிலக்கணத்திற் பயின்றார்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. உயிரை அதன் உணவினின்றும் பிரித்துக் காணலாகாது என்பதே சித்திரத்தின் வாதம். கிளையின் வளைவும் இலையின் சுருளும் அழகுக்காக மட்டும் வளைந்தன அல்ல. புழு அரித்த இலை அரிப்புண்ட இலையாகவே வரையப்பட்டது. அணியே பொருளாக நிற்கும் இந்நிலை ஓவியத்தில் அரிது.

எனினும், இவ்வமைப்பினுள்ளே ஒரு மறைபொருள் உண்டு. புழுவும் கூடும் சிறகுப்பூச்சியும் ஓருயிரின் மூன்று பருவங்கள். அவை ஒரே வேளையில் ஒரு கிளையில் அவ்வுயிர்க்கு வாய்ப்பன அல்ல. மேரியன் காட்டுவது கண்முன் நிகழ்ந்த ஒரு காட்சியன்று. பல வாரக் காலத்தை ஒரு தாளிலே மடித்து வைத்த சுருக்கம். விளக்கவுரையைப் படித்தவர் அம்மடிப்பை விரித்துக் காண்பர். சுவரிற் காண்பவரோ, ஒரு கிளையிலே வெவ்வேறு பூச்சிகள் மூன்று கூடியிருக்கின்றன என்றே எண்ணக்கூடும். நம்மூரிலே மயிர்க்கொட்டியைக் கண்டு அருவருத்து, வண்ணத்துப்பூச்சியைக் கண்டு மகிழ்ந்து, இரண்டும் ஒன்றென எண்ணாதிருக்கும் சிறுவரின் நிலையே அது. உரை நீங்கியவிடத்து முதலில் இழக்கப்படுவது காலம்.

முதற் சித்திரமாகிய அன்னாசியையும் நோக்கலாம். கனிகளுள் தலைசிறந்தது எனக் கருதியே மேரியன் அதனை முன்வைத்தார். அச்சித்திரம் உணவறைகளுக்கு மிக விருப்பமானது. அன்னாசியைச் சுற்றி ஊர்வன கரப்பான் பூச்சிகள் என்பதை வாங்குவோர் பலர் பின்னரே அறிகின்றனர் போலும்.

மேரியன் அறிவியலுக்கு ஆற்றிய பணியைச் சிலந்திச் சித்திரம் காட்டும். பதினெட்டாம் சித்திரத்திலே, கொய்யாக் கிளையொன்றில் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி சிறு பறவையொன்றைப் பற்றி உண்கிறது. எறும்புகள் ஒன்றையொன்று பற்றிப் பாலமாகின்றன. 1758 இல் லின்னேயஸ் இச்சிலந்திக்குப் பெயரிட்டபோது பறவையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையே தெரிந்தெடுத்தார். 19 ஆம் நூற்றாண்டிலே ஆய்வாளர் சிலர், பறவை தின்னும் சிலந்தியாவது யாது என எள்ளி, அம்மையார் கட்டுக்கதையை வரைந்தார் என்றனர். அமேசன் காடுகளிற் பல்லாண்டு திரிந்த பேற்ஸ் என்னும் ஆங்கிலேயர், சிலந்தி சிறு பறவைகளைக் கொன்றதைத் தாம் நேரிற் கண்டதாக 1863 இல் வெளியிட்ட நூலில் எழுதிய பின்னரே எள்ளல் அடங்கிற்று. இச்சித்திரம் அறையலங்காரமாக அருகியே விற்கப்படுகிறது. காரணம் கூற வேண்டுவதில்லை. சுவர் தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கின்றது. தெரிந்தெடுக்கப்படாதவற்றோடு மேரியனிற் பாதி நூலகத்திலேயே தங்கிவிடுகின்றது.

இவ்விடத்து வணிகர் சார்பிலும் ஒன்று கூறவேண்டும். மேரியனே வணிகம் அறிந்தவர். அச்சிட்டு ஈரம் உலராத தாளின்மேல் வேறொரு தாளை அழுத்தி எடுக்கும் எதிர்ப்படிகளை அவர் செய்வித்தார். அவற்றிலே தகட்டின் விளிம்புத்தடம் பதியாது, கோடு மென்மையாகும், மேலே வண்ணந் தீட்டினால் கையாலெழுதிய ஓவியமே எனத் தோன்றும். செல்வர்க்கென ஆயத்தஞ்செய்யப்பட்ட அலங்காரப் படிகள் இவை. ஆகவே தூய அறிவு நூலைப் பிற்காலத்து வணிகர் மாசுபடுத்தினர் என்னும் கூற்று வரலாற்றொடு பொருந்தாது. அதேபோல், "மூலத்தின் வண்ணம்" என்று இன்றைய விற்பனையாளர் விளம்பரஞ் செய்வதும் பொருந்தாது. வண்ணங்கள் கையாலே தீட்டப்பட்டமையின் பிரதிக்குப் பிரதி வேறுபடும்; வண்ணமின்றி வெளிவந்த பிரதிகளைப் பிற்காலத்து உடைமையாளர் தீட்டுவித்ததும் உண்டு.

மேரியனுக்குப் பின்வந்தோருள் ஓடுபோன், ஹெக்கல் என்னும் இருவரையும் ஒப்புநோக்கினால் வேறுபாடு தெளியும். ஓடுபோனின் அமெரிக்கப் பறவைகள் 1827 முதல் 1838 வரை 435 தகடுகளாக வெளிவந்தன. பறவை யாவும் உயிரளவிலே காட்டப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏறத்தாழ நாற்பது அங்குல உயரமுள்ள தாளும் நெடுங்காற் பறவைகளுக்குப் போதாதாயிற்று. அதனாலேயே செந்நாரை கழுத்தை நிலம்வரை வளைத்து நிற்கின்றது. இன்று அவ்வளைவைக் கண்டு நளினம் என வியப்பார், அது தாளின் அளவு இட்ட கட்டளை என்பதை அறியார். தாளைச் சுருக்கி அஞ்சலட்டை அளவில் அச்சிட்டபின், வளைவு எஞ்சுகிறது. வளைந்ததன் காரணம் எஞ்சவில்லை. மேலும், அவர் பறவைகளுக்குப் பின்னணியாய் நிற்கும் செடிகொடிகள் பலவற்றை வரைந்தவர் ஜோசப் மேசன் என்னும் இளைஞர். அவர் பெயர் தகட்டிலே பொறிக்கப்படவில்லை.

பெயர் மறைவு என்பது இத்துறையின் பழைய குறை. மேரியனின் தகடுகளைப் பெரும்பாலும் பொறித்தவர் சுலைற்றர், முல்டர், ஸ்ரோப்பென்டால் என்னும் கைவினைஞர். அவர் பெயர்கள் ஓரத்திலே சிறிய எழுத்தில் அமைந்தவை. சட்டமிடுவோன் தாளின் ஓரத்தை வெட்டும்போது முதலில் வீழ்வன அவையே. இலங்கைக்கும் இக்குறை புதிதன்று. 1880 முதல் 1887 வரை மூர் என்பார் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலுக்கு, பேராதனைப் பூங்காவிலே பணிபுரிந்த தி அல்விஸ் குடும்பத்து ஓவியரின் சித்திரங்களே அடிப்படை. புழுவையும் கூட்டையும் உயிருள்ளபோதே நோக்கி வரைந்த கைகள் அவை. அந்நூல் மூரின் பெயராலேயே வழங்குகின்றது.

ஹெக்கல் 1881 இல் இலங்கைக்கு வந்து வெலிகமவிலே தங்கிக் கடலுயிர்களை ஆராய்ந்த ஜேர்மனிய அறிஞர். 1899 முதல் 1904 வரை வெளிவந்த அவருடைய நூறு சித்திரங்கள் இயற்கையைக் கலைவடிவாகக் காட்டவே எழுந்தன; நூலின் பெயரே அதனைச் சொல்லும். யேனா நகரத்துக் கில்ற்ஷ் என்பவர் கல்லச்சிலே அவற்றை அமைத்தார். சொறிமுட்டைகளும் நுண்ணுயிர்க் கூடுகளும் கோயில் விதானத்துத் தாமரைபோல ஒழுங்காய் விரிகின்றன. 1900 இல் பாரிசுப் பொருட்காட்சியின் பெருவாயிலை அமைத்த பினே அவருடைய நுண்ணுயிர்ச் சித்திரங்களையே முன்மாதிரியாகக் கொண்டார் என்றால், அவற்றின் அலங்கார ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டா. ஆயினும் இங்கே அணி பொருளை ஆளுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத நுண்கூடும் கையகலச் சொறிமுட்டையும் தனித்தனிச் சித்திரங்களில் ஏறக்குறைய ஒரே அளவினவாய் நிற்கின்றன. கடலும் இல்லை, இரையும் இல்லை, ஆழமும் இல்லை. ஹெக்கலின் சித்திரம் சுவரேறும்போது இழப்பது குறைவு. ஏனெனில் ஏட்டிலிருந்தபோதே அது பாதி சுவரிலிருந்தது. மேரியனின் சித்திரம் மிகுதியாக இழக்கின்றது. ஏனெனில் அதற்கு இழப்பதற்குப் பொருள் உண்டு.

அவ்விழப்பின் எல்லையைக் காட்டுவது நாற்பத்தைந்தாம் சித்திரம். செம்மையும் மஞ்சளும் விரவிய இதழ்கள். மயிலின் கொண்டைபோல் வெளியே நீண்ட கேசரங்கள். அருகே பச்சைப்புழுவும் அதன் கூடும் சாம்பல் நிற அந்துப்பூச்சியும். யாழ்ப்பாணத்து வளவுகளிலும் கோயிற் பூந்தோட்டங்களிலும் மயிற்கொன்றை என வழங்கும் செடியே இது. சட்டமிட்டு மாட்டுவதற்கு இதனினும் இனிய சித்திரம் அந்நூலிற் சிலவே.

இதற்கு எதிரே மேரியன் எழுதிய உரை வேறொரு செய்தியைக் கூறுகின்றது. ஒல்லாந்த எசமானரிடம் கொடுமையுற்ற சுதேசப் பெண்கள், தம் பிள்ளைகளும் தம்மைப்போல் அடிமையாதல் கூடாதென எண்ணி, இச்செடியின் விதையை உண்டு கருவை அழித்தனர் என்றும், கினி, அங்கோலா நாடுகளினின்றும் கொணரப்பட்ட அடிமைப் பெண்கள் நன்கு நடத்தப்படாவிடின் பிள்ளை பெற மறுத்தனர் என்றும், சிலர் தம் உயிரையே மாய்த்துத் தம் நாட்டிலே விடுதலையோடு மீளப் பிறப்போம் என நம்பினர் என்றும் அவர் எழுதினார். இதனை அப்பெண்களே தமக்குச் சொன்னதாகவும் குறித்தார். அடிமை முறையிலே தாமும் பயன்பெற்றவர் அவர். காட்டினுள்ளே அவருக்கு வழிவெட்டியவரும் பூச்சி கொணர்ந்தவரும் அடிமைகளே. அவ்வாறாயினும், தாம் கேட்டதை மறையாது எழுதினார்.

சித்திரத்திலோ இதன் சாயல் சிறிதும் இல்லை. புழுவின் வரலாற்றை இலையாலும் கூட்டாலும் உணர்த்திய தூரிகைக்குப் பெண்ணின் வரலாற்றை உணர்த்த வழி கிடைத்திலது. மேரியனின் முறை எவ்வளவு நிறைவுடையதெனினும் இவ்விடத்தே நின்றுவிடுகின்றது. உயிரும் உணவும் ஒரு தாளில் அடங்கின. அச்செடியை நாடிய மனிதரின் துன்பம் எதிர்த்தாளுக்கே உரியதாயிற்று. ஆகவே இச்சித்திரத்தை மட்டும் பிரித்தெடுத்தல், வேறு சித்திரங்களைப் பிரித்தெடுத்தல் போன்றதன்று. அங்கே இழக்கப்படுவது விளக்கம். இங்கே இழக்கப்படுவது சாட்சியம். விருந்தினரை வரவேற்கும் கூடத்திலே தொங்கும் அம்மலரைப் பார்த்து, அதனை விற்றவரும் வாங்கியவரும் பொய் சொல்கின்றனர் எனக் கூறவியலாது. அவர்கள் கையிற் கிடைத்த தாளிலே அச்செய்தி இல்லை.

தனித்தாளாக விற்பதற்கென்று பழம்பிரதிகளின் கட்டை அவிழ்த்துப் பக்கம் பக்கமாய்ப் பிரிக்கும் வழக்கம் பழையநூல் வணிகத்தில் நெடுங்காலமாக உண்டு. சித்திரத்தாளுக்கு விலை கிடைக்கும், எழுத்துத்தாளுக்குக் கிடையாது. இன்று மின்னச்சினாலே படம் மலிந்தமையின் பழம்பிரதியைப் பிரிப்பதற்கு ஒரு காரணமேனும் குறைந்தது எனலாம். ஒல்லாந்து அரச நூலகத்திலுள்ள பிரதியைக் கொண்டு 2016 இல் அந்நூலின் மறுபதிப்பு வெளிவந்தது. பெரிய நூல், எளிதில் தூக்கவியலாது, சுவருக்கு உதவாது. அதன் நாற்பத்தைந்தாம் சித்திரத்தை விரித்தால், 1705 இல் அம்ஸ்ரர்டாமிலே விரித்தவர்க்குத் தோன்றியவாறே, மயிற்கொன்றையும் அப்பெண்கள் சொன்னதும் எதிரெதிரே கிடக்கின்றன.