கோண்டல் நாடும் எமிலி புரொண்டேயும்

பலர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முன்பில்லாத உலகொன்றைக் கூடிப் படைக்கும் விளையாட்டு 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விதிநூலாக அச்சேறியது. ஆயின் இத்தகைய ஆட்டம் ஆங்கில இலக்கியத்துக்குப் புதியதன்று. அதனை உணராமையால் பெருங்கவிஞர் ஒருவரின் பாடல்கள் நெடுங்காலம் பிழைபடப் பொருள் கொள்ளப்பட்டன.

1826ஆம் ஆண்டு யூன் மாதத்தில், யோர்க்சயரிலுள்ள ஹாவேர்த் என்னும் ஊரின் குருவானவர் தம் மகன் பிரான்வெலுக்கு மரத்தாற் செய்த 12 போர்வீரர் பொம்மைகளை வாங்கி வந்தார். சார்லொட், எமிலி, ஆன் என்னும் சகோதரியரும் தத்தமக்கு ஒவ்வொன்றைத் தெரிந்துகொண்டனர். அவ்வீரர்க்கென ஆபிரிக்கக் கரையில் ஒரு நகரம் எழுந்தது. பிள்ளைகள் நால்வரும் அந்நகரின் காவற் பூதங்களாயினர். மாண்டவரை உயிர்ப்பிக்கும் ஆற்றலும் பூதங்களுக்கு உண்டு. (ஒருவர் கொன்ற வீரன் மற்றவருக்கு வேண்டியவனாயின் வேறு வழி யாது?) பின்னர் இளையவர் இருவரும் பிரிந்து, பசிபிக் மாகடலின் வடபாகத்தில் ‘கோண்டல்’ என்னுந் தீவினைத் தமக்கெனப் படைத்துக்கொண்டனர்.

அது சிறுபிள்ளை விளையாட்டாய் முடிந்திலது. 1845இல் இருவரும் யோர்க் நகருக்குச் சென்றபோது வழியிற் கோண்டல் மாந்தராகவே நடித்தனர் என எமிலியின் குறிப்பு கூறுகின்றது. அப்போது அவருக்கு வயது 26. கோண்டல் முன்போற் செழித்திருப்பதாக அவர் மகிழ்ந்தார். அதேகாலத்தில் ஆன் எழுதிய குறிப்போ, அது ஆடுதற்கேற்ற நிலையில் இல்லை என்கின்றது.

1846இல் சகோதரியர் புனைபெயரிற் கவிதை வெளியிட்டபோது, கோண்டற் பெயர்கள் நீக்கப்பட்டன. கையெழுத்துப்படியில் ரொசீனா அல்கோனா யூலியஸ் பிரென்சைடாவுக்குக் கூறியதாக நின்ற புலம்பல், அச்சில் ‘நினைவு’ என்னும் பொதுத்தலைப்பைப் பெற்றது. இத்தகைய பாடல்களைக் கண்டோர் எமிலியின் வாழ்விலே ஒரு காதலனைத் தேடலாயினர். ‘நினைவு’ இரங்கும் காதலன் இறந்து 15 ஆண்டுகள். அக்கணக்கின்படி அன்று எமிலி 11 வயதுச் சிறுமி! 1936இல் வெளிவந்த வரலாறொன்று, வேறொரு கையெழுத்துப்படியிற் ‘காதலின் பிரியாவிடை’ எனப் பொருள்படும் சொற்களை ஓர் ஆடவன் பெயராகவே வாசித்துவிட்டது. தலைவி கூற்றினைப் புலவரின் சொந்த வரலாறாகக் கொள்ளாத அகத்திணை மரபிற் பயின்றோர்க்கு இவ்வழு எளிதிற் புலனாகும்.

இதனைத் திருத்த முற்பட்டவருள் பனி றட்ச்போட் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். 1955இல் வெளிவந்த ‘கோண்டலின் அரசி’ என்னும் நூலில் எமிலியின் கவிதைகளை ஒரே தலைவியின் கதையாக அவர் நிரல்படுத்தினார். பாத்திரத்தின் குரலைப் புலவரின் குரலினின்று பிரித்துக் காட்டியது பெரும்பணியே. ஆயினும் அவர் மற்றொரு வழுவினுள் வீழ்ந்தார் எனல் வேண்டும். கோண்டலின் உரைநடைக் கதைகள் அழிந்துபட்டன. எஞ்சிய பாடல்களோ, ஒருவர் வகுத்த கதைக்கோப்பின் உறுப்புக்களல்ல. இருவர் ஆடிய ஆட்டத்தின் சிதறல்கள். ஆட்டத்தில் ஒருவர் நாட்டியதை மற்றவர் மாற்றுவர். முரண்பாடு அங்கே குறையன்று. அதனை ஒழுங்குபடுத்துமிடத்து ஆன் என்னும் இரண்டாம் படைப்பாளி மறைந்துபோகின்றார். அவர் தம் கவிதைகள் சிலவற்றின் கீழ்ப் பாத்திரத்தின் பெயரையே கையொப்பமாக இட்டார். அப்பெயர்களுட் பல எமிலியின் பாடல்களிற் காணப்படுவதில்லை.